கண் மங்கல், காது கூர்மை: ஒரு ஸ்பீடு கிராஃபிக் உருவப்படக் கேமராவின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் பூக்கட்டுபவர், நகை ஆசாரி, தையல்காரர் என்று பழைய தொழில்களில் இருப்பவர்களை 4×5 அங்குல ஃபிலிமில் எடுத்துவரும் ஒரு படப்பிடிப்பாளரின் கேமரா இது. எடுத்த முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி தவறின. கண்ணிமை மங்கியிருந்தது, காதோரத்து நரைமுடியோ இழை இழையாகத் தெரிந்தது. படம் எடுக்கும்போது கிரவுண்ட் கிளாஸில் (ஃபிலிம் வரும் இடத்தில் பிம்பத்தைக் காட்டும் தேய்த்த கண்ணாடியில்) லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் கண்ணிமைதான் கூர்மை. பக்கவாட்டில் உள்ள தூரமானியான ரேஞ்ச்ஃபைண்டரும் அதையே சொன்னது. இரண்டும் ஒத்துப்போனதால் சந்தேகம் முழுவதும் லென்ஸ் மேல் விழுந்தது. எண்பது வயதைத் தொட்ட போர்க்கால லென்ஸ், யாரோ கழற்றி மாட்டியிருப்பார்கள் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் லென்ஸில் ஒரு குறையும் இல்லை.

கருவியைப் பற்றி

உடல், கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் பேஸ்மேக்கர் ஸ்பீடு கிராஃபிக். இந்த வகை 1947இல் வந்தது. மரப்பெட்டி, தோல் உறை, பக்கத்தில் காலார்ட் என்ற ரேஞ்ச்ஃபைண்டர், பின்புறம் ஃபிலிம் ஹோல்டரைப் பிடிக்கும் கிராஃப்லாக் அமைப்பு. உடலுக்குள்ளேயே, ஃபிலிமுக்குச் சற்று முன்னால், துணித்திரை ஷட்டர் ஒன்று இருப்பதுதான் இதன் பலம். ஷட்டர் இல்லாத எந்த லென்ஸையும் முன்னால் மாட்டி 1/30 முதல் 1/1000 நொடி வரை படம் எடுக்கலாம்.

லென்ஸ், கோடக் ஏரோ எக்டார், 178 மி.மீ., எஃப்/2.5. இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து நிலத்தைப் படமெடுக்கச் செய்தது. கே-24 கேமராவில் 5×5 அங்குலப் படத்துக்காக வடிவமைத்தது. வரிசை எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளில் தயாரிப்பு ஆண்டு ஒளிந்திருக்கும். 'ஈஈ' என்று தொடங்கினால் 1944. உடலும் லென்ஸும் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் என்ற ஒரே ஊரில் பிறந்தவை என்றாலும் ஒன்றுக்காக ஒன்று செய்தவை அல்ல. இந்த இரண்டையும் சேர்க்கும் வழக்கம் பரவலாக அறியப்பட்டதற்கு அமெரிக்கச் செய்திப் படக்காரர் டேவிட் பர்னெட் ஒரு முக்கியக் காரணம். 2004 அதிபர் தேர்தல் பிரசாரத்தை இந்தச் சேர்க்கையிலும் எடுத்தார்.

இங்கே செய்திருந்த மாற்றங்கள் மூன்று. லென்ஸை அதன் விமானக் கூம்பிலிருந்து பிரித்து அலுமினிய லென்ஸ் பலகையில் திருகியிருந்தார்கள். காலார்ட்டை 178 மி.மீ.க்கு மறுசீரமைத்திருந்தார்கள். கிரவுண்ட் கிளாஸ் ஓரங்களில் இருட்டாகத் தெரிந்ததால் பிம்பத்தை ஓரம்வரை பிரகாசமாக்கும், வரிப்பள்ளங்கள் கொண்ட 1.5 மி.மீ. அக்ரிலிக் ஃப்ரெனெல் தகடு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். யாரும் பொருட்படுத்தாத இந்த மூன்றாவது மாற்றம்தான் எல்லாப் படங்களையும் கெடுத்தது.

எவ்வளவு இடம் இருக்கிறது?

தேடத் தொடங்குமுன் கணக்கைப் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் இந்த லென்ஸ் எவ்வளவு சிறிய தவறையும் காட்டிக்கொடுக்கும். முகம் 1.5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிலிமில் முகம் உண்மை அளவில் 0.135 மடங்காக விழும். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே சுமார் 202 மி.மீ. கூர்மை என்று ஏற்கக்கூடிய மங்கல் புள்ளியின் அளவை, அதாவது மங்கல் வட்டத்தை, 0.1 மி.மீ. என்று எடுத்தால் எஃப்/2.5இல் கூர்மையின் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து 3 செ.மீ.தான். அதாவது மூக்கு நுனியிலிருந்து கண் வரை. ஃபிலிம் பக்கம் பார்த்தால் அனுமதிக்கக்கூடிய பிசகு முன்னே 0.28 மி.மீ., பின்னே 0.28 மி.மீ.

இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ஃபிலிம் பக்கத்தில் நேரும் பிசகு, முகத்தின் பக்கத்தில் 0.135இன் வர்க்கத்தால் வகுபட்டுப் பெருகும். ஃபிலிமில் 1 மி.மீ. தவறினால் முகத்தில் 5.5 செ.மீ. தவறும். கண்ணிலிருந்து காதோரத்துக்குப் போவதற்கு அது போதும். எஃப்/8 லென்ஸில் இதே தவறு பெரும்பாலும் கண்ணிலேயே பட்டிருக்காது.

ஏஏ பேட்டரிச் சோதனை

அமர்ந்திருப்பவர் அசைந்திருப்பாரோ என்ற கேள்வியை முதலிலேயே ஒதுக்கலாம். அசைவு என்றால் சில படங்களில் கூர்மை முன்னால் போகும், சிலவற்றில் பின்னால் போகும். இங்கே எல்லாப் படத்திலும் பின்னால்தான். ஒரே திசையில் திரும்பத் திரும்ப விழும் தவறு கருவியிலிருந்துதான் வர முடியும்.

பதினொரு ஏஏ பேட்டரிகளை மேசையில் நிறுத்தி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட 2 செ.மீ. பின்னாலும் சற்றுப் பக்கவாட்டிலும் இருக்கும்படி படிக்கட்டாக அடுக்கினால் நல்ல அளவுகோல் கிடைக்கும். அவற்றின் மேல் இருக்கும் சிறிய எழுத்துகள் கூர்மையைப் பார்க்க உதவும். கேமரா முக்காலியில், லென்ஸின் உயரம் பேட்டரியின் உயரம், தூரம் 1.5 மீட்டர், துவாரம் முழுத் திறப்பு. நடு பேட்டரி மேல் கிரவுண்ட் கிளாஸால் குவித்து ஒரு தாள். ரேஞ்ச்ஃபைண்டரால் குவித்து இன்னொரு தாள். பிறகு வேறு இரண்டு ஃபிலிம் ஹோல்டர்களில் (ஃபிலிம் தாளை ஒளிபடாமல் வைக்கும் தட்டையான உறைகளில்), ஹோல்டருக்கு ஒரு தாளாக, அதையே மறுபடி எடுக்க வேண்டும்.

நான்கு தாள்களும் ஒரே விடையைத் தந்தன. நடு பேட்டரி மங்கல்; அதற்குப் பின்னால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கூர்மை. சுமார் 5 செ.மீ.க்கு மேல் பின்தள்ளல். ஹோல்டர் மாறியும் விடை மாறாததால் ஹோல்டர் குற்றவாளி இல்லை. ரேஞ்ச்ஃபைண்டர் தனியாகத் தவறியிருந்தால் கிரவுண்ட் கிளாஸோடு முரண்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே அளவு தவறியதற்குக் காரணம் எளிது: ரேஞ்ச்ஃபைண்டரை அமைத்ததே அந்தக் கிரவுண்ட் கிளாஸைப் பார்த்துத்தான். ஒன்றிலிருந்து நகலெடுத்த இன்னொன்று அதற்குச் சாட்சி ஆகாது. சாட்சி சொல்லக்கூடியது ஃபிலிம் மட்டும்தான்.

ஆழமானியால் அளந்தபோது

4×5 ஹோல்டரில் அது கேமராவில் அமரும் முகத்திலிருந்து ஃபிலிம் தங்கும் தட்டு வரை உள்ள ஆழம் தரப்படி 0.197 அங்குலம், ஏற்ற இறக்கம் 0.007. ஃபிலிமின் தடிமன் சுமார் 0.007 அங்குலம். ஆகவே ஃபிலிமின் மேற்பரப்பு 0.190 அங்குலத்தில், அதாவது 4.8 மி.மீ. ஆழத்தில் இருக்கும். கிரவுண்ட் கிளாஸின் தேய்த்த பக்கமும் அதே 4.8 மி.மீ.யில் இருந்தாக வேண்டும்.

அளக்க, கிராஃப்லாக் பின்புறத்திலிருந்து, கிரவுண்ட் கிளாஸைத் தாங்கும் குவியப் பலகையைக் கழற்றி, முகத்தின் குறுக்கே ஒரு எஃகு நேர்விளிம்பை வைத்து, டிஜிட்டல் ஆழமானியின் ஊசியை மெதுவாக இறக்கிப் பார்க்கலாம். நான்கு மூலை, ஒரு நடு. நடுவில் ஊசியை அழுத்தினால் அக்ரிலிக் வளைந்து பொய் சொல்லும். ஹோல்டரையும் பழைய ஃபிலிம் ஒன்றைப் போட்டு அதே மாதிரி அளக்க வேண்டும்.

ஃப்ரெனெலின் முன்பக்கம் 4.8 மி.மீ.யில் இருந்தது. கிளாஸ் அதற்குப் பின்னால், அதாவது 6.3 மி.மீ.யில். கிளாஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ரெனெல் உட்கார்ந்து, கிளாஸைத் தன் தடிமன் அளவுக்குப் பின்னால் தள்ளிவிட்டது.

தள்ளியது 1.5 மி.மீ. என்றாலும் தவறு முழு 1.5 இல்லை. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. ஒளி அதற்குள் நுழையும்போது குவியும் புள்ளி தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, இங்கே 0.5 மி.மீ., பின்னால் நகரும். அந்த அளவுக்கு ஃப்ரெனெல் தன் தவறைத் தானே ஈடுகட்டுகிறது. மிச்சம் 1 மி.மீ. மேலே சொன்ன கணக்குப்படி 1 மி.மீ. என்றால் முகத்தில் 5.5 செ.மீ. பேட்டரிகள் காட்டியதும் அதுவே.

திருத்தம்

இதற்கு வழி இரண்டு. கிளாஸ் அமரும் படியைச் செதுக்கி 1 மி.மீ. முன்னால் கொண்டுவரலாம்; அல்லது ஃப்ரெனெலை எடுத்து கிளாஸின் பின்னால், பார்ப்பவரின் பக்கம் வைத்துவிடலாம். இரண்டாவதே நல்லது. எதையும் செதுக்க வேண்டியதில்லை, கிளாஸ் தன் பழைய படிக்குத் திரும்பிவிடும், ஃப்ரெனெல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் குவியத்தைத் தொடாது. வரிப்பள்ளங்கள் இருக்கும் பக்கம் கிளாஸை நோக்கி இருக்க வேண்டும். பிடிப்பு வில்களின் திருகுகளை 1.5 மி.மீ. கூடுதல் நீளமுள்ளவையாக மாற்ற வேண்டும். பழைய திருகுகளையே முறுக்கினால் கிளாஸின் மூலை உடையும்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். கிராஃப்ளெக்ஸ் தொழிற்சாலையிலேயே எக்டாலைட் என்ற ஃப்ரெனெல் பொருத்தி வந்த பின்புறங்கள் உண்டு. அவற்றில் அந்தத் தகட்டின் தடிமனைக் கணக்கிட்டே படி செதுக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு கிளாஸை மட்டும் போட்டால் தவறு எதிர்த் திசையில் நேரும். கண்ணுக்கு முன்னால், மூக்கு நுனிக்கும் அப்பால் கூர்மை போய்விடும். ஆகவே கழற்றுமுன் படியின் ஆழத்தை அளப்பது கட்டாயம். இரண்டு வகைப் பின்புறமும் பழைய கேமராச் சந்தையில் கலந்தே கிடக்கின்றன. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகளில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் முந்தைய உரிமையாளர் என்ன செய்தார் என்பது பெட்டியில் எழுதியிருக்காது.

கிளாஸ் சரியான பிறகே ரேஞ்ச்ஃபைண்டர். முதலில், லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் முடிவிலாத் தொலைவுக்கான நிறுத்திகளைக் கிளாஸைப் பார்த்து அமைக்க வேண்டும். 178 மி.மீ. லென்ஸுக்கு 500 மீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பத்தாவது மாடித் தாழ்வாரத்திலிருந்து தெரியும் தூரத்து அடுக்குமாடியின் கூரை விளிம்பு அருமையான இலக்கு. மதிய வெயிலில் கான்கிரீட்டிலிருந்து எழும் வெக்கை விளிம்பை அலைய வைக்கும் என்பதால் காலையிலேயே செய்துவிடுவது நல்லது. அடுத்து காலார்ட்டின் மூடியைக் கழற்றி, தொலைவில் இரட்டைப் பிம்பம் ஒன்றாகும்படி திருத்தி, பிறகு 1.5 மீட்டரில் திருத்த வேண்டும். அருகைத் திருத்தினால் தொலைவு கொஞ்சம் நகரும். இரண்டும் நிலைக்கும்வரை மாறி மாறிச் செய்யப் பொறுமை வேண்டும். கடைசியில் பேட்டரிகளை மறுபடி அடுக்கி ஒரு தாள் எடுத்துப் பார்க்காமல் மூடியை மாட்டக் கூடாது.

கண் சரியானது, வாய் இன்னும் மங்கல்

பெரிய தவறு விலகியதும் அதன் அடியில் மறைந்திருந்த சிறியது தலைகாட்டியது. கண் கூர்மை, உதடு மங்கல், கழுத்து மேலும் மங்கல். இது சாய்வின் அடையாளம். ஏரோ எக்டார் கனமானது. ஸ்பீடு கிராஃபிக்கின் முன்சட்டம் கையடக்கமான செய்திக் கேமரா லென்ஸ்களைத் தாங்கச் செய்தது. பாரம் முன்னால் தொங்கத் தொங்கச் சட்டம் கீழ்நோக்கிக் குனிகிறது.

குனிவு எவ்வளவு? காந்தத்தில் ஒட்டும் டிஜிட்டல் சாய்வுமானியைக் கேமராவின் பின்புறத்தில் ஒருமுறை, லென்ஸ் பலகையில் ஒருமுறை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, கையால் பிடிக்க வேண்டும். வித்தியாசம் 1 பாகை இருந்தது. கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் 178 மி.மீ. லென்ஸ் 1 பாகை குனிந்தால், 1.5 மீட்டரில் கூர்மைத் தளம் 8 பாகைக்கு மேல் சாயும். கண்ணுக்குக் கீழே 12 செ.மீ.யில் உள்ள தாடையில் அது 1.8 செ.மீ. முன்னால் வந்துவிடும். முன்பக்கம் நமக்கு இருக்கும் இடமே 1.5 செ.மீ.தான்.

பரிகாரம் ஒரு தாங்கி. 3 மி.மீ. அலுமினியத் தகட்டை ட வடிவில் மடித்து, முன்சட்டத்தின் அடியோடு சேர்த்துத் திருகி, மேல் முனையில் லென்ஸ் குழாயின் அடிப்பக்க வளைவுக்கு ஏற்ற ரப்பர் பட்டை ஒட்டினால் போதும். தாங்கி சட்டத்தோடு சேர்ந்து தண்டவாளத்தில் நகர வேண்டும். படுகைப் பலகையில் பொருத்திவிட்டால் குவிக்கும்போது லென்ஸ் அதன்மேல் உரசி, ஒவ்வொரு தூரத்துக்கும் வேறு சாய்வு வரும். இந்த லென்ஸ் மாட்டியிருக்கும்போது பெட்டியை மடித்து மூட முடியாது என்பதால் தாங்கி இடைஞ்சல் செய்யப்போவதும் இல்லை.

ஏசியிலிருந்து ஐந்தடி நடைபாதைக்கு

மூன்றாவதாக ஒன்று மிஞ்சியது. அது சில படங்களில் மட்டும் வந்தது. கடைவீட்டு மாடியின் குளிர்சாதன அறையில் எடுத்த தாள்கள் சரி. அதே ஹோல்டர்களோடு கீழே இறங்கி, கடைவீட்டு முகப்பில் கூரையோடு இருக்கும் ஐந்தடி நடைபாதையில் எடுத்தவற்றில் படத்தின் நடு மட்டும் லேசாக விலகியது. வறண்ட அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்த ஃபிலிம் ஈரத்தை இழுத்து உப்பி, ஹோல்டருக்குள் நடுவே முன்னால் வளைகிறது. 0.28 மி.மீ. வளைந்தாலே எல்லை முடிந்தது. ஹோல்டரின் மூடித்தகடான டார்க் ஸ்லைடை இழுக்கும்போது உறிஞ்சும் காற்றும் தாளை அசைக்கும்.

ஹோல்டர்களை வெளியே எடுத்துவந்து பையிலேயே அரை மணி நேரம் விட வேண்டும். கேமராவில் செருகுமுன் ஹோல்டரின் ஒரு விளிம்பை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் தாள் ஒரு பக்கமாகச் சேர்ந்து படியும். டார்க் ஸ்லைடை நிதானமாக இழுத்து, சில நொடி பொறுத்துப் படமெடுக்க வேண்டும். லென்ஸும் அந்த அரை மணியைக் கேட்கும்: குளிர்ந்த கண்ணாடி வெளியே வந்ததும் வேர்த்துவிடும், பின்புறக் கண்ணாடியில் படியும் நீர்த்திரை, லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியான பெல்லோஸுக்குள் இருப்பதால் கண்ணில் படாது. துடைக்கப் போகாமல் காத்திருப்பதே வழி.

வைத்திருக்கும் இடத்திலும் ஈரம்தான் எதிரி. உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் நல்லது. அதைவிட வறண்டால் பெல்லோஸின் மடிப்பு மூலைகள் வெடித்து ஊசித்துளை விழும்; அதிகமானால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், ஷட்டர் துணியின் ரப்பர் பூச்சு பிசுபிசுக்கும். ஃபிலிம் ஏற்ற, 1990களின் இறுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்ட்டர் வசதியான இருட்டறை. காற்றுத்துளை வழியாக வரும் ஒளியைக் கறுப்புத் துணியால் தற்காலிகமாக மறைத்தால் போதும். அந்தச் சுவரில் துளையிடும் எண்ணம் இருந்தால் முதலில் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒளியும் உருத்துலக்கலும்

1.5 மீட்டரில் பெல்லோஸ் நீண்டிருப்பதால் ஒளி 1.29 மடங்கு கூடுதலாகத் தேவை, சுமார் மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). மறந்தால் நிழல்தான் முதலில் போகும். இந்தத் தொடரில் பெரும்பாலானவர்கள் கருமை நிறத்தவர்கள். அவர்களின் கன்னத்து நிழலில் இருக்கும் விவரம் படத்தின் உயிர். அதனால் எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐஎஸ்ஓ 200 என்று கணக்கிடுவது சரியான முடிவு. அந்தக் கணக்கில், பெல்லோஸையும் சேர்த்து, 2,500 லக்ஸ் ஒளியில் எஃப்/2.5க்கு 1/250 நொடி வரும். நிழலான ஐந்தடி நடைபாதைக்கு இது தோதான அளவு. உச்சி வெயிலில் 1/1000 வைத்தாலும் ஒளியைக் குறைக்கும் 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் இல்லாமல் முடியாது.

ஷட்டரின் எண்களை அப்படியே நம்பக் கூடாது. வில் தளர்ந்த திரையில் வேகமான எண்கள்தான் அதிகம் பொய்க்கும். சிம் லிம் டவரில் கிடைக்கும் ஓர் ஒளி டிரான்சிஸ்டரையும் கணினியின் ஒலி உள்ளீட்டையும் வைத்தே ஒவ்வொரு வேகத்தையும் அளந்து, உண்மையான எண்களை அட்டையில் எழுதி உடலின் பக்கத்தில் ஒட்டிவிடலாம். ஃபிளாஷ் வேண்டுமென்றால், நகரும் கீறல் வழியாக ஒளி விடும் இந்தத் திரையோடு ஸ்டூடியோ ஃபிளாஷ் சேராது, ஒரு பட்டைதான் பதியும். அறையை இருட்டாக்கி, டி நிலையில் திரையை முழுதாகத் திறந்து, ஃபிளாஷை அடித்துவிட்டு மூட வேண்டும். தொடர்ந்து எரியும் எல்இடி விளக்கு இதைவிட வசதி. 600 லக்ஸுக்கு 1/60 போதும்.

எச்பி5 பிளஸை ஐடி-11 என்ற உருத்துலக்கியில் 1+1 கலவையில் 20 பாகையில் 13 நிமிடம் என்பது தயாரிப்பாளரின் அளவு. குழாய்த் தண்ணீரே 28 பாகை தொடும் இந்த ஊரில் 20க்குக் கொண்டுவந்து பிடித்து வைப்பது ஐஸோடு நடத்தும் போராட்டம். 24 பாகையில் சுமார் 9 நிமிடம் என்று வைத்தால் சிறிய தண்ணீர்த் தொட்டியும் கொஞ்சம் ஐஸும் போதும். கழுவும் தண்ணீரும் அதை ஒட்டியே இருக்கட்டும்.

மஞ்சளும் தோரியமும்

ஏரோ எக்டாரின் கண்ணாடியில் தோரியம் உண்டு. பின்பக்கம்தான் கதிர்வீச்சு அதிகம். பல ஆண்டுகளில் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மாறி ஒளியைக் குடிக்கும். எவ்வளவு குடிக்கிறது என்பதை வெள்ளைச் சுவரை ஸ்பாட் மீட்டரால் நேராகவும் லென்ஸ் வழியாகவும் பார்த்துக் கண்டுகொள்ளலாம். நீக்க, அலுமினியத் தாள் ஒட்டிய பெட்டிக்குள் புற ஊதா எல்இடியின் கீழ் நாள்கணக்கில் வைத்தால் நிறம் மெல்லத் தெளியும். வெயிலில் வைக்கும் பழக்கம் வேண்டாம். சூடு ஏறி ஒட்டுப்பசை பிரியும், குவிந்த வெயில் தீயும் வைக்கும்.

லென்ஸ் தூரத்தில் இருந்து படம் எடுக்கும்போது பயப்பட ஒன்றுமில்லை. செய்யக் கூடாதவை சில: பின்பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது, படுக்கையருகே வைப்பது, கண்ணாடியைத் தேய்ப்பது, ஃபிலிம் பெட்டிகளோடு ஒரே உலர்பெட்டியில் வைப்பது. கடைசியாகச் சொன்னது நாளடைவில் ஃபிலிமில் புகைமூட்டம்போல் மங்கலைப் படியச் செய்யும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் பணம் கட்டுமுன் தேசிய சுற்றுப்புற வாரியத்துக்கு எழுதிக் கேட்பது நல்லது. சிங்கப்பூருக்குள் கதிரியக்கப் பொருள்கள் வருவதை மேற்பார்வையிடுவது அவர்கள்தான்.

இந்தக் கேமராவில் இன்னும் திருத்தாமல் விட்டிருப்பது ஷட்டரின் 1/1000 மட்டும். அளந்தபோது 1/600க்கு அருகில் இருந்தது. வில்லை மேலும் முறுக்கினால் பழைய துணி ஓரத்தில் கிழியும் அபாயம் உண்டு. எழுபது ஆண்டுத் துணியை இழுத்துப் பார்ப்பதைவிட, அட்டையில் 1/600 என்று எழுதிவைத்து அதன்படி ஒளியைக் கணக்கிடுவதே நல்லது என்று விட்டாயிற்று.